அப்பாஸ்ட்ரஃபியை எங்கே இடுவது: ஆங்கிலம் எழுதும் தமிழர்களுக்கு

விடுப்பு விண்ணப்பமோ, வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயோ, பள்ளி விழா அழைப்பிதழோ ஆங்கிலத்தில் எழுதும்போது நன்றாக ஆங்கிலம் அறிந்தவர்களின் கையும் ஓரிடத்தில் தயங்கி நிற்கிறது. சொல்லின் கடைசியில் வரும் எஸ் என்னும் எழுத்துக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி (’) என்னும் அந்தச் சிறு குறியை இடுவதா, பின்னால் இடுவதா, இடாமலே விட்டுவிடுவதா என்ற ஐயம்தான் அது. மூன்றையும் வாய்விட்டுப் படித்தால் ஒலியில் வேறுபாடு கிடையாது. கண்ணுக்கு மட்டுமே வேறுபாடு தெரியும். ஆகவே காதை நம்பி எழுதுபவர்கள் இங்கே தவறுவது இயல்பு. ஆனால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஆங்கிலேயர்களுக்கே இல்லாத ஒரு வசதி இருக்கிறது. நம் வேற்றுமை உருபுகளையும் பன்மை விகுதியையும் கொண்டே குறியின் இடத்தைப் பெரும்பாலும் பிழையின்றிக் கண்டுபிடித்துவிடலாம். கீழே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். குறி எந்த இடத்தில் விழுகிறது என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில், அந்தக் குறி செய்யும் வேலைகள் இரண்டே இரண்டு. ஒன்று, எழுத்து விடுபட்டிருக்கிறது என்று காட்டுவது: “டூ நாட்” என்பது “டோன்’ட்” ஆகும்போது “நாட்” என்பதில் இருந்த ஓ விழுந்துவிட்ட இடத்தைக் குறி நிரப்புகிறது. மற்றொன்று, உடைமையைக் காட்டுவது: “டீச்சர்’ஸ் பேக்” என்றால் ஆசிரியரின் பை. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தக் குறிக்கு முதல் வேலை மட்டுமே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களின் உடைமை வடிவம் ஈ, எஸ் என்னும் இரண்டு எழுத்துகளில் முடிந்தது; அதிலிருந்த ஈ காலப்போக்கில் ஒலிக்காமல் போகவே, அது விழுந்த இடத்திலும் இதே குறியை இடத் தொடங்கினார்கள். ஒருமைச் சொற்களுக்கு இந்த வழக்கம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றது. பன்மைச் சொற்களுக்கு எஸ்ஸுக்குப் பின்னால் இடும் வழக்கம் அதற்கும் பின்னர், பதினெட்டாம் நூற்றாண்டில்தான் உறுதியானது. இந்த வரலாற்றில் பன்மையைக் காட்டும் வேலை எங்குமே இல்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிப் பிழைகள் அப்போதே நீங்கிவிடும்.

உடைமை: “கள்” எங்கே, “இன்” எங்கே?

“ஆசிரியர்களின் அறை” என்ற தொடரைப் பிரித்துப் பாருங்கள். ஆசிரியர், அதன்பின் கள், அதன்பின் இன். ஆங்கிலமும் இதே வரிசையில்தான் செல்கிறது: டீச்சர், அதன்பின் பன்மைக்குரிய எஸ், அதன்பின் உடைமைக்குரிய குறி. ஆகவே அது “டீச்சர்ஸ்’ ரூம்”. ஆசிரியர் ஒருவரே என்றால் தமிழில் கள் வராது. “ஆசிரியரின் அறை” என்போம். ஆங்கிலத்திலும் டீச்சர் என்ற சொல் முடிந்தவுடன் குறி வந்து, அதன்பின் எஸ் வரும்: “டீச்சர்’ஸ் ரூம்”. குறியைத் தமிழின் இன் உருபாகவே நினைத்துக்கொள்ளுங்கள். உடைமையாளரைக் குறிக்கும் சொல்லை, ஒருமையோ பன்மையோ, முதலில் முழுமையாக எழுதி முடித்துவிட வேண்டும். அதன்பின்தான் குறியைத் தொட வேண்டும். எழுதி முடித்த சொல் ஏற்கெனவே பன்மைக்குரிய எஸ்ஸில் முடிந்திருந்தால் குறியோடு நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் குறிக்குப் பின் ஓர் எஸ் சேர்க்க வேண்டும்.

“சில்ட்ரன்” என்ற சொல்லில் பலர் தடுமாறுவதற்குக் காரணம் இந்த வரிசையைக் கைவிடுவதே. சில்ட்ரன் என்பதே குழந்தைகள். கள் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. எஸ் வரவே இல்லை. எனவே சொல்லை முடித்துக் குறியிட்டு எஸ் சேர்க்க வேண்டும்: நவம்பர் 14 “சில்ட்ரன்’ஸ் டே”. மகளிரைக் குறிக்கும் “விமென்”, ஆடவரைக் குறிக்கும் “மென்” ஆகியவையும் இதே வகைதான். சென்னையில் 1915ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விமென்’ஸ் கிறிஸ்டியன் காலேஜின் பெயரில் குறி எஸ்ஸுக்கு முன்னால் நிற்பதைப் பார்க்கலாம். குறியில்லாத “விமென்ஸ்”, “மென்ஸ்”, “சில்ட்ரன்ஸ்” என்ற வடிவங்களும், எஸ்ஸுக்குப் பின்னால் குறியிட்ட வடிவங்களும் ஆங்கிலத்தில் சொற்களே அல்ல. விடுதிப் பெயர்ப்பலகைகளிலும் துணிக்கடை விளம்பரங்களிலும் இவை நாள்தோறும் கண்ணில் படுவதால் சரிபோலத் தோன்றுகின்றன என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு ஆதாரம் இல்லை.

தமிழ்த் துணையை நாடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நாம் பேச்சிலும் எழுத்திலும் கள், இன் இரண்டையுமே அடிக்கடி தொக்கி நிற்க விட்டுவிடுகிறோம். “ஆசிரியர் தினம்” என்கிறோம். அதில் கள்ளும் இல்லை, இன்னும் இல்லை. எனவே ஆங்கிலத்தில் எழுதும் முன் தொடரை மனத்துக்குள் விரித்துப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 5 ஆசிரியர்கள் அனைவருக்கும் உரிய நாள் என்பதால் விரித்தால் ஆசிரியர்களின் தினம். ஆகவே “டீச்சர்ஸ்’ டே”. அன்னையர் தினத்தை இதே வழியில் விரித்தால் பன்மை வரும். ஆனால் ஆங்கிலத்தில் அது “மதர்’ஸ் டே” என்று ஒருமையில் நிற்கிறது. அந்த நாளை அமெரிக்காவில் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ், ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தத் தாயைப் போற்றும் நாள் அது என்பதால் ஒருமையில்தான் எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார். குறியின் இடம் பொருளைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் இரண்டு பழைய கல்லூரிகளையும் இதற்குச் சேர்த்துக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பது “குவீன்’ஸ் காலேஜ்”. 1341இல் தொடங்கப்பட்ட அது ஃபிலிப்பா என்ற ஒரே அரசியைச் சிறப்பிக்கும் வகையில் பெயர் பெற்றது. கேம்பிரிட்ஜில் இருப்பது “குவீன்ஸ்’ காலேஜ்”. 1448இல் மார்கரெட் என்னும் அரசியும், 1465இல் எலிசபெத் உட்வில் என்னும் அரசியும் ஆதரித்து நிறுவியது அது. அரசியின் கல்லூரி, அரசிகளின் கல்லூரி என்று தமிழ் வாய்விட்டுச் சொல்லிவிடும் வேறுபாட்டை ஆங்கிலம் இந்த ஒரு குறியின் இடத்தில் மட்டுமே வைத்திருக்கிறது.

கல்லூரிப் பெயர்களில் மட்டுமல்ல, வழக்குமன்றத்திலும் இந்த இடம் எடைபோடப்பட்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், வீட்டுமனை முகவர் ஒருவர் இன்னொரு முகவரைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதும்போது, தன் “எம்ப்ளாயீஸ்” ஓய்வூதிய நிதியைச் செலுத்தாதவர் என்ற பொருளில் குறியே இல்லாமல் எழுதிவிட்டார். ஓர் ஊழியரின் நிதி என்றே சொல்ல வந்ததாக எழுதியவர் தரப்பு வாதிட்டது. ஆனால் குறியில்லாத அந்தச் சொல் ஊழியர்கள் என்ற பன்மையாகவே படிக்கப்படும் என்பதையும், பலருக்குச் செலுத்தவில்லை என்பது ஒருவருக்குச் செலுத்தவில்லை என்பதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு என்பதையும் கருதிய நீதிபதி, 2021இல் அவதூறு வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய மறுத்தார்.

காலமும் அளவும்: தமிழ் துணைசெய்யாத இடம்

விடுப்பு விண்ணப்பங்களில் மிகுதியாகக் காணும் பிழை “டூ டேஸ் லீவ்” என்பது. தமிழில் “இரண்டு நாள் விடுப்பு” என்கிறோம். எண் முன்னால் வந்துவிட்டதால் அஃறிணைப் பெயருக்குக் கள் சேர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. இன் என்ற உருபும் இங்கே இயல்பாக வராது. ஆகவே மேலே சொன்ன வழி இங்கே கைகொடுக்காது. தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காலத்தையும் அளவையும் குறிக்கும் சொற்களை ஆங்கிலம் உடைமையாளராகவே நடத்துகிறது: ஒரு நாள் விடுப்பு “ஒன் டே’ஸ் லீவ்”, இரண்டு நாள் விடுப்பு “டூ டேஸ்’ லீவ்”. ரெஸ்யூமேயில் எழுதும் பத்து ஆண்டு அனுபவம் “டென் இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ்”. பணி விலகலின்போது கொடுக்கும் ஒரு மாத முன்னறிவிப்பு “ஒன் மன்த்’ஸ் நோட்டீஸ்”. இடையில் ஆஃப் சேர்த்து “டென் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்” என்று எழுதினால் குறி வேண்டியதில்லை; ஐயம் இருக்கும்போது அப்படி எழுதிவிடுவது நல்லது.

ரெஸ்யூமே பற்றிப் பேசுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதுகலைப் பட்டம் “மாஸ்டர்’ஸ் டிகிரி”, இளங்கலைப் பட்டம் “பேச்சலர்’ஸ் டிகிரி”. இரண்டிலும் குறி எஸ்ஸுக்கு முன்னால் வரும். பட்டத்தின் முழுப்பெயரை “மாஸ்டர் ஆஃப் சயின்ஸ்” என்று எழுதும்போது எஸ்ஸும் இல்லை, குறியும் இல்லை.

எஸ்ஸில் முடியும் ஆட்பெயர்களும் கூட்டுடைமையும்

தாஸ், தாமஸ், ஜேம்ஸ் போன்ற பெயர்கள் எஸ்ஸில் முடிந்தாலும் அந்த எஸ் பன்மைக்குரியது அல்ல. எனவே குறியிட்டு இன்னோர் எஸ் சேர்ப்பதே என் பரிந்துரை: “தாமஸ்’ஸ் ஹவுஸ்”. அமெரிக்க நூல் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ நடைக்கையேடு இந்த முறையையே சொல்கிறது. அமெரிக்க நாளிதழ்கள் பின்பற்றும் ஏ.பி. நடைக்கையேடு குறியோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டும் ஏற்கத்தக்கவைதான்; ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலந்து எழுதுவதுதான் தவறு. லண்டனில் “செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க்” என்ற பூங்காவும், நியூகாசில் நகரில் “செயின்ட் ஜேம்ஸ்’ பார்க்” என்ற கால்பந்து மைதானமும் இருப்பதிலிருந்தே இந்த வழக்கம் எவ்வளவு பிரிந்து கிடக்கிறது என்பது புரியும்.

இருவருக்கு ஒரே பொருள் சொந்தமானால் கடைசிப் பெயருக்கு மட்டும் குறி: “கண்ணன் அண்ட் வேலு’ஸ் ஷாப்” என்றால் இருவரும் சேர்ந்து நடத்தும் ஒரு கடை. தனித்தனிக் கடைகள் என்றால் “கண்ணன்’ஸ் அண்ட் வேலு’ஸ் ஷாப்ஸ்”. உறவுமுறைச் சொற்களில் கள்ளும் இன்னும் ஒட்டி வராமல் விலகி நிற்கும்: மைத்துனர்கள் என்பது “பிரதர்ஸ்-இன்-லா”, அவர்களின் வீடு “பிரதர்ஸ்-இன்-லா’ஸ் ஹவுஸ்”. பன்மை முதற்சொல்லோடு சேர, குறி தொடரின் இறுதிக்குப் போய்விடுகிறது.

அதன், உன், அவர்களின்: குறியே வேண்டாத சொற்கள்

நன்கு படித்தவர்களும் தவறுகிற இடம் “இட்ஸ்”. உடைமைக்குக் குறி என்று கற்றுக்கொண்ட கை, “அதன் நிறம்” என்று எழுதும்போதும் தானாகவே குறியை இட்டுவிடுகிறது. இங்கும் தமிழைப் பாருங்கள். நான், நீ, அது முதலியவை உருபேற்கும்போது என், உன், அதன் என்று வேறு வடிவத்துக்கு மாறிவிடுகின்றன. மாறிய வடிவமே உடைமையைக் காட்டிவிடுவதால் “என் வீடு” என்பதற்குமேல் உருபு கேட்பதில்லை. ஆங்கிலத்தின் “மை”, “யுவர்”, “ஹிஸ்”, “ஹெர்”, “இட்ஸ்”, “அவர்”, “தேர்”, “ஹூஸ்” ஆகியவையும் அப்படி மாறிய வடிவங்கள்தான். ஒன்றிலும் குறி கிடையாது. தனித்து நிற்கும் “யுவர்ஸ்”, “தேர்ஸ்”, “அவர்ஸ்” ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். கடிதத்தை முடிக்கும் “யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி” என்பதில் குறியிட்டுவிடுவது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் பிழை.

குறியோடு வரும் “இட்’ஸ்” என்பது “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்” என்பதன் சுருக்கம், வேறெதுவும் அல்ல. எழுதிய வாக்கியத்தில் அந்த இடத்தில் “இட் இஸ்” என்று விரித்துப் படியுங்கள். வாக்கியம் நின்றால் குறி இருக்கட்டும், குலைந்தால் எடுத்துவிடுங்கள். “ஹூ’ஸ்” என்பதற்கும் யாருடைய என்ற பொருள்தரும் “ஹூஸ்” என்பதற்கும், “யூ’ர்” என்பதற்கும் உன்னுடைய என்ற “யுவர்” என்பதற்கும் இதே சோதனை போதுமானது. ஒருவர், யாரோ என்ற பொருள்தரும் சுட்டா மறுபெயர்கள் மட்டும் இதற்கு விலக்கு: “ஒன்’ஸ் ட்யூட்டி”, “சம்படி எல்ஸ்’ஸ் பென்” ஆகியவற்றில் குறி வந்தாக வேண்டும்.

சுருக்கங்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. குறி, எழுத்து விழுந்த இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் அல்ல. ஆகவே “டஸன்ட்” என்பதில் அது என், டி ஆகிய எழுத்துகளுக்கு நடுவே வரும். எஸ், என் ஆகியவற்றுக்கு நடுவே அல்ல. மணியைச் சொல்லும் “ஓ’கிளாக்” என்பதில் “ஆஃப் தி” என்பதன் பெரும்பகுதி அந்த ஒரு குறிக்குள் அடங்கியிருக்கிறது. அலுவலகக் கடிதங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் சுருக்கங்களைத் தவிர்த்து முழுவடிவில் எழுதுவதே மரபு.

பன்மைக்கு ஒருபோதும் இல்லை

சட்டமன்ற உறுப்பினர்கள் பலரைக் குறிக்க “எம்எல்ஏ’ஸ்” என்றும், தொண்ணூறுகளைக் குறிக்க “1990’ஸ்” என்றும் எழுதுவது இங்கே பரவலாக இருக்கிறது. தமிழில் எம்.எல்.ஏ.க்கள் என்கிறோமே, அதில் இன் எங்கே இருக்கிறது? கள் மட்டுமே உள்ள இடத்தில் எஸ் மட்டுமே வர வேண்டும்: “எம்எல்ஏஸ்”, “1990ஸ்”, “ஐடீஸ்”, “சிடீஸ்”. முற்காலத்தில் சில ஆங்கில இதழ்கள் எண்களுக்கும் சுருக்கப்பெயர்களுக்கும் பின்னால் குறியிட்டு வந்தன; அந்தப் பழக்கத்தின் எச்சத்தைப் பழைய நூல்களில் காணலாம், பின்பற்ற வேண்டாம். குடும்பப் பெயர்களும் அப்படியே: தூத்துக்குடியில் வாழும் ஃபெர்னாண்டோ குடும்பத்தினர் “தி ஃபெர்னாண்டோஸ்”, அவர்களின் வீட்டைச் சொல்லும்போதுதான் “தி ஃபெர்னாண்டோஸ்’ ஹவுஸ்” என்று இறுதியில் குறி வரும். தனி எழுத்துகளின் பன்மையில் மட்டும், படிப்பவர் வேறு சொல்லாக மயங்காமல் இருக்கக் குறியிடுவது உண்டு: சிறிய “ஐ” எழுத்துகள் பலவற்றை “ஐ’ஸ்” என்று எழுதுவார்கள், குறியை விட்டால் அது “இஸ்” என்ற சொல்லாகிவிடும்.

நிறுவனங்களின் பெயர்

சென்னையில் 1842இல் தோன்றிய பள்ளியிலிருந்து வளர்ந்த பச்சையப்பா’ஸ் காலேஜ், ஒரு தமிழ்ப் பெயரோடு ஆங்கில உடைமைக்குறியைச் சேர்த்து வைத்திருக்கிறது. பச்சையப்பரின் கல்லூரி என்பதால் அது இலக்கணப்படியும் சரியே. அண்ணா சாலையிலுள்ள, 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடையோ குறியில்லாமல் தன் பெயரை எழுதுகிறது. பிரிட்டனில் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக்கடை 2012இல் தன் பெயரிலிருந்த குறியை நீக்கிவிட்டது. லண்டன் சுரங்க ரயிலின் பிக்காடில்லி தடத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு நிலையங்களில் “ஏர்ல்’ஸ் கோர்ட்” குறியோடும், “பேரன்ஸ் கோர்ட்” குறியின்றியும் நிற்கின்றன. பெயர் என்பது அதை வைத்திருப்பவருக்குச் சொந்தம். நாம் திருத்த முனையக் கூடாது. எழுதும் முன் அந்த நிறுவனத்தின் முத்திரையையோ கடிதத்தாளையோ பார்த்து, உள்ளபடியே எழுத வேண்டும். கோவா, மங்களூர்ப் பகுதிகளில் வழங்கும் “டி’சூசா” போன்ற குடும்பப் பெயர்களுக்கும் அந்த மதிப்பைத் தர வேண்டும். பெயருக்குரியவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுவதுதான் முறை.

தட்டச்சில்

அச்சுத்தரமான அப்பாஸ்ட்ரஃபி, ஒன்பதைப் போல் வளைந்து இடப்பக்கம் வால் நீட்டியிருக்கும். யூனிகோடில் அதன் எண் 2019. விசைப்பலகையில் நேராக நிற்கும் குறியை இட்டாலும் தவறில்லை; ஆனால் ஒரே ஆவணத்தில் இரண்டும் கலக்கக் கூடாது. எண் 1க்கு இடப்புறம் உள்ள விசையில் சாய்ந்து கிடக்கும் கோடு வேறு குறி. அதை இங்கே பயன்படுத்த வேண்டாம். தானாகவே குறிகளை வளைத்துத் தரும் மென்பொருள்கள், சொல்லின் தொடக்கத்தில் அப்பாஸ்ட்ரஃபி வந்தால் அதை மேற்கோளின் தொடக்கம் என்று எண்ணித் திருப்பிப் போட்டுவிடும். ’90ஸ் என்று நூற்றாண்டை விட்டு எழுதும்போது இது நேரும். குறியை இருமுறை தட்டி, முதலில் வந்ததை நீக்கிவிட்டால் சரியானது நிற்கும்.

எழுதியதைச் சரிபார்ப்பதற்கு, எஸ்ஸில் முடியும் ஒவ்வொரு சொல்லிலும் நின்று, இது கள்ளா, இன்னா, இரண்டுமா, விரியும் சுருக்கமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். குறிகளே இல்லாத ஒரு விண்ணப்ப வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: “ஐ ரிக்வெஸ்ட் டூ டேஸ் லீவ் ஃபார் மை பிரதர்ஸ் வெட்டிங், அஸ் இட்ஸ் இன் மதுரை அண்ட் தி டிக்கெட்ஸ் ஆர் புக்ட்.” முதலில் டேஸ்: இரண்டு நாள் என்பதால் பன்மை, விடுப்போடு சேர்ந்து அளவாக வருவதால் உடைமை, ஆகவே “டேஸ்’”. அடுத்து பிரதர்ஸ்: மணமகன் ஒருவரே என்றால் சகோதரரின் திருமணம், “பிரதர்’ஸ்”, ஒரே பந்தலில் அண்ணன், தம்பி இருவருக்கும் திருமணம் என்றால் சகோதரர்களின் திருமணம், “பிரதர்ஸ்’”. மூன்றாவது இட்ஸ்: “இட் இஸ்” என்று விரித்தால் வாக்கியம் நிற்கிறது, ஆகவே சுருக்கம், ஆனால் இது மேலதிகாரிக்கு எழுதும் கடிதம் என்பதால் “இட் இஸ்” என்று விரித்தே எழுதிவிடலாம். கடைசியாக டிக்கெட்ஸ்: பயணச்சீட்டுகள், கள் மட்டுமே, குறி வேண்டாம்.